மலைவீட்டுக் கணினி இயங்க மறுக்கும்போது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரியில் கணினி பழுதுபார்ப்பவர்கள் எல்லோருக்கும் பழக்கமான ஒரு நிகழ்வு உண்டு. கோத்தகிரியிலோ மஞ்சூரிலோ இரண்டு நாளாக உயிர் வராமல் கிடந்த கேபினெட்டைப் போர்வையில் சுற்றிப் பேருந்தில் ஏற்றி, மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ கொண்டு போவார்கள். அங்கே கடைக்காரர் வயரைச் செருகிப் பொத்தானை அழுத்தியதும் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். ஒரு கோளாறும் இல்லை என்று அவர் திருப்பி அனுப்புவார். மலையேறி வந்து பழைய மேசையில் வைத்தால், சில நாட்களில் மறுபடியும் அதே நிலை. கடைக்காரர் சொன்னது பொய்யன்று. மலையிறங்கிய அந்தச் சில மணி நேரத்தில் கீழ்நாட்டு வெப்பத்தில் கேபினெட்டின் உள்ளே இருந்த ஈரம் உலர்ந்துவிட்டது; கடையில் அதற்குக் குறைவில்லாத மின்னழுத்தமும் கிடைத்தது. கோளாறு கணினியில் பாதி என்றால், அது இருக்கும் அறையிலும் அந்த அறைக்கு வரும் மின்சாரத்திலும் மீதிப் பாதி இருக்கிறது.

ஆகவே மலையில் ஒரு கணினி இயங்க மறுத்தால், பாகங்களை மாற்றுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும்: அதற்குச் சரியான மின்சாரம் கிடைக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும், அதை உலர்த்த வேண்டும். இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்தாலே பல கணினிகள் எழுந்துவிடும். எழாதவற்றுக்கு அடுத்தடுத்த படிகளைக் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறேன். இதுவரை கேபினெட்டைத் திறந்தே பார்க்காதவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நட்சத்திர முனைத் திருப்புளி ஒன்று, முடி மென்மையான பெயிண்ட் பிரஷ் ஒன்று, பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பர் ஒன்று, டார்ச் விளக்கு ஒன்று ஆகியவை போதும். மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

எந்தப் படியில் நிற்கிறது?

பொத்தானை அழுத்தியதிலிருந்து விண்டோஸ் திரை வரும் வரை கணினிக்குள் ஒரு வரிசை நடக்கிறது. முதலில், எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கிப் பெட்டி 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரங்களாக மாற்றுகிறது. அவை நிலைபெற்ற பிறகு, ஏறத்தாழ அரை நொடிக்குள், எல்லாம் சரியாக இருக்கிறது என்ற சைகையை, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பெரிய பலகையான மதர்போர்டுக்கு அனுப்புகிறது. அந்தச் சைகை கிடைத்த பின்னரே கணினியின் மூளையான பிராசசர் வேலையைத் தொடங்குகிறது. அடுத்து, மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் நிரல், தற்காலிக நினைவகமான ராம், திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ், கீபோர்டு, டிஸ்க் ஆகியவற்றைச் சோதிக்கிறது. கடைசியாக டிஸ்க்கில் விண்டோஸைத் தொடங்கி வைக்கும் சிறு நிரலைத் தேடி, பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கிறது. இந்த வரிசையில் எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பதைக் கண்டுகொண்டால், பார்க்க வேண்டிய பாகங்கள் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.

பொத்தானை அழுத்தியும் ஃபேனோ விளக்கோ எதுவும் அசையவில்லை என்றால் மின்சாரம் உள்ளே வரவில்லை, அல்லது எஸ்எம்பிஎஸ் செத்துவிட்டது, அல்லது பொத்தானே வேலை செய்யவில்லை. ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டாலோ, நின்று நின்று தானாகவே திரும்பத் திரும்பத் தொடங்கினாலோ, எஸ்எம்பிஎஸ் வலுவிழந்திருக்கலாம், எங்கேனும் ஷார்ட் இருக்கலாம், ராம் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். ஃபேன் தொடர்ந்து ஓடியும் திரை கருப்பாகவே இருந்தால் ராம், கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் ஆகியவற்றை ஐயப்பட வேண்டும். நிறுவனத்தின் சின்னமோ எழுத்துகளோ திரையில் வந்த பிறகு நின்றால் ஏறக்குறைய எல்லாப் பாகங்களும் நலம்; டிஸ்க்கையோ விண்டோஸையோ பயாஸ் அமைப்புகளையோ பார்த்தால் போதும்.

இதைக் கவனிக்கும்போதே ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் மட்டும் இப்படி ஆகிறதா, முந்தைய இரவு மின்சாரம் போய் வந்ததா, இடி இடித்ததா, வீட்டில் வேறு எது ஓடிக்கொண்டிருந்தது என்பவை எல்லாம் துப்புகள். பழுதுபார்ப்பவரிடம் கொண்டு போக நேர்ந்தாலும் அவருக்கு மிகவும் பயன்படுவது அந்தக் குறிப்புதான்.

முதலில் மின்சாரம்

கேபினெட்டைத் திறக்காமல் செய்யக்கூடியவற்றை முதலில் முடித்துவிட வேண்டும். யுபிஎஸ், ஜங்ஷன் பாக்ஸ், ஸ்டெபிலைசர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கணினியின் பவர் வயரை நேரடியாகச் சுவரிலுள்ள சாக்கெட்டில் செருகுங்கள். அதே சாக்கெட்டில் ஒரு மேசை விளக்கையோ டேபிள் ஃபேனையோ செருகி, அது ஓடுகிறதா என்று பாருங்கள். யுபிஎஸ் உள்ளே இருக்கும் ஈய-அமில பேட்டரிக்கு ஆயுள் சில ஆண்டுகள்தான். குளிரில் அதன் கொள்ளளவு இன்னும் குறையும். கணினி தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்சாரத்தைத் தாங்காமல் யுபிஎஸ் அணைந்துவிட, பழி கணினியின் மேல் விழும். நேரடியாகச் செருகியதும் ஓடினால், மாற்ற வேண்டியது யுபிஎஸ் பேட்டரி மட்டுமே.

எஸ்எம்பிஎஸ் இருக்கும் பின்பக்கத்தில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அது ஒன்று என்ற கோடு உள்ள பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். வட்டக் குறி உள்ள பக்கம் அழுந்தியிருந்தால் அணைந்திருக்கிறது என்று பொருள். துடைக்கும்போது கைபட்டு அணைந்துபோவது அடிக்கடி நடப்பதுதான். பழைய எஸ்எம்பிஎஸ்களில் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்ச் ஒன்றும் இருக்கலாம். அது எப்போதும் 230-இல்தான் இருக்க வேண்டும். 115-க்கு மாற்றி நம் ஊர் மின்சாரத்தைக் கொடுத்தால் அந்தக் கணமே வெடித்துப் புகையும்.

இனி மலைக்கே உரிய சங்கதி. எஸ்டேட் லயின் வீடுகளிலும், சாலையிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களிலும், டிரான்ஸ்பார்மரிலிருந்து வெகுதூரம் கம்பி இழுத்துத்தான் மின்சாரம் வருகிறது. மாலையில் எல்லா வீடுகளிலும் கீசரும் ரூம் ஹீட்டரும் ஓடும்போது மின்னழுத்தம் சரிந்துவிடும். 2000 வாட் ஹீட்டர் ஒன்று மட்டுமே ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கிறது. சாதாரணக் கணினி இழுப்பது அதில் மிகச் சிறிய பங்குதான். இரண்டையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் செருகியிருக்கும் வீடுகள் ஏராளம். குளிருக்குப் பயந்து ஹீட்டரை மேசைக்கு அடியில் வைத்திருப்பார்கள். ஹீட்டர் சூடேறத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் கணினி தானாக அணைந்து எழும். சாதாரணச் சுவர் சாக்கெட் 6 ஆம்பியருக்குத்தான் ஆனது என்பதால், இது கணினிக்கு மட்டுமல்லாமல் வீட்டுக்கும் ஆபத்து. ஹீட்டருக்கு 16 ஆம்பியர் சாக்கெட் தனியாக வேண்டும்.

உங்கள் எஸ்எம்பிஎஸ் எவ்வளவு தாழ்ந்த மின்னழுத்தத்தைத் தாங்கும் என்பது அதன் மேல் ஒட்டிய வில்லையிலேயே அச்சிட்டிருக்கும். 100 முதல் 240 வரை என்றிருந்தால் லோ வோல்டேஜுக்கு அஞ்ச வேண்டியதில்லை. 200 முதல் 240 வரை என்றிருந்தால், மாலை நேரத்தில் மல்டிமீட்டரில் 180 காட்டும் வீட்டில் அது எழாமல் போவதில் வியப்பே இல்லை. இப்படிப்பட்ட வீடுகளில் புதிய மதர்போர்டு வாங்குவதைவிட, அகன்ற மின்னழுத்த வரம்புள்ள எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்குவதே பணத்துக்குத் தகுந்த செலவு.

கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் சுரீரென்று கையில் ஏறுகிறதா? எர்த் இணைப்பு இல்லை என்பதற்கு அது அடையாளம். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிச் சுற்று, எர்த் இல்லாத இடத்தில், கேபினெட்டின் உடலிலேயே ஏறத்தாழப் பாதி மின்னழுத்தத்தை நிறுத்திவைக்கும். அதில் பாயும் மின்சாரம் மிகக் குறைவு என்றாலும், மின்னலும் மின்னழுத்த ஏற்றமும் வரும்போது பாதுகாப்புக் கருவிகள் ஒழுங்காக வேலை செய்யாது. கணினியைப் பார்ப்பதற்கு முன் ஒரு வயர்மேனை அழைத்து எர்த்தைச் சரிசெய்யுங்கள்.

ஈரமும் குளிரும்

கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால், வாரக்கணக்கில் வெயில் முகம் தெரியாது. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் அதோடு சேர்ந்த மூடுபனியும். ஊட்டியிலோ குளிர்காலத்தில் உறைபனி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இந்த மாதங்களில் அலமாரியில் வைத்த தோல்செருப்பில் பூஞ்சை பூக்கிறது என்றால், அதே அறையில் இருக்கும் ராமின் தொடுமுனைகளிலும் ஏதோ படிந்துகொண்டுதான் இருக்கும்.

ஈரம் இரண்டு வழிகளில் கெடுக்கிறது. ஒன்று, மெல்லப் படிந்து செருகுமுனைகளைக் கறுக்கச் செய்வது; பொத்தானின் உள் தகட்டைத் துருப்பிடிக்கச் செய்வதும் இதுதான். மற்றொன்று, திடீரென்று நீர்த்துளியாகவே படிவது. இரவெல்லாம் ஊட்டியின் குளிரில் கிடந்த இரும்பும் செம்பும், காலையில் கணப்பு மூட்டியதும், குளியலறையிலிருந்து வெந்நீர் ஆவி வந்ததும், சன்னல் கண்ணாடியில் முத்து முத்தாக நீர் கோப்பதைப் போலவே உள்ளேயும் கோத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் சுவிட்சைப் போடுவதுதான் மிகப்பெரிய ஆபத்து. அதனால் வெளியிலிருந்து குளிரோடு வந்த கணினியை, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல், அறையின் வெப்பத்துக்கு அது தானாக வரும் வரை சில மணி நேரம் அப்படியே வைத்துவிட வேண்டும். நீர் உறையின் மேல் படியும், உள்ளே படியாது.

உலர்த்தும் முறை எளிது; பொறுமைதான் வேண்டும். பவர் வயரைக் கழற்றுங்கள். பிறகு கேபினெட்டின் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடிய விடுங்கள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, திறந்த பக்கம் காற்றுப் படும்படி ஒரு மர ஸ்டூலில் வைத்து, டேபிள் ஃபேனை நான்கடி தள்ளி நிறுத்தி ஒரு பகல் முழுவதும் ஓட விடுங்கள். வெயில் அடிக்கும் நாளானால் சன்னலோரம் வைக்கலாம். ஹேர் டிரையரின் சூடான காற்றைப் பக்கத்தில் வைத்து ஊதாதீர்கள்; பிளாஸ்டிக் சாக்கெட்டுகள் வளைந்துபோகும். அடுப்புக்கு அருகிலும் வேண்டாம். விறகுப் புகையின் பிசுக்கு தூசியோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டால் அது ஈரத்தை இன்னும் பிடித்து வைக்கும்.

குளிரால் மட்டுமே வரும் கோளாறு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிசம்பர், ஜனவரியில் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இதே குரலில்தான் தொடங்கும்: "அண்ணா, காலையில சுவிட்ச் போட்டா ஃபேன் ஒரு சுத்து சுத்தி நின்னுடுது. பத்து மணிக்கு மேல போட்டா தானா ஓடுது." இதற்குப் பெரும்பாலும் காரணம் எஸ்எம்பிஎஸ்ஸிலும் மதர்போர்டிலும் உள்ள உருளை வடிவ மின்தேக்கிகள். அவற்றின் உள்ளே இருக்கும் திரவம் ஆண்டுகள் செல்லச் செல்ல வற்றுகிறது. குளிரில் அதன் மின்தடை மேலும் கூடுகிறது. வெயில் ஏறி அறை வெதுவெதுப்பானதும், அதே மின்தேக்கி தட்டுத்தடுமாறியாவது வேலை செய்துவிடுகிறது. டார்ச் அடித்து மதர்போர்டில் பாருங்கள்: நல்ல மின்தேக்கியின் தலை தட்டையாக இருக்கும், கெட்டதன் தலை உப்பியிருக்கும், சில சமயம் பழுப்பு நிறத்தில் கசிந்து காய்ந்திருக்கும். மதர்போர்டில் உப்பல் இல்லையென்றால், ஐயம் எஸ்எம்பிஎஸ் மீதுதான். இப்படித் தட்டுத்தடுமாறும் எஸ்எம்பிஎஸ்ஸை வைத்துக்கொண்டு குளிர்காலத்தைத் தள்ளிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது முற்றாகச் சாகும்போது மதர்போர்டையும் டிஸ்க்கையும் உடன் கொண்டுபோகக்கூடும்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். வயரைக் கழற்றிய பிறகும் அதனுள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

உயரத்தைப் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. ஊட்டி ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாதாரண ஹார்ட் டிஸ்க்குகள் ஏறத்தாழ 3000 மீட்டர் வரை இயங்கும்படியே செய்யப்படுகின்றன. தொட்டபெட்டா உச்சியே 2637 மீட்டர்தான் என்பதால் இந்தக் கவலை வேண்டாம். காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருப்பதால், ஃபேன் தள்ளும் காற்று வெப்பத்தைச் சற்றுக் குறைவாகவே எடுத்துச் செல்லும். ஆனால் அந்தக் காற்று குளிர்ந்த காற்று என்பதால் கணக்கு நேராகிவிடுகிறது. உறைபனி இரவுகளில்தான் சிறிது கவனம் வேண்டும்: பல ஹார்ட் டிஸ்க்குகளுக்கு இயங்கும் வெப்பத்தின் கீழ் எல்லை 0 அல்லது 5 டிகிரி செல்சியஸ். விடியற்காலையில் போட வேண்டிய அவசரம் இருந்தால், முதலில் அறையைச் சிறிது சூடாக்குங்கள். உடனே சுவிட்சைப் போடாமல் கணினியும் அந்தச் சூட்டுக்கு வரும் வரை காத்திருங்கள்.

ஃபேன் ஓடுகிறது, திரை மட்டும் கருப்பு

கேபினெட்டைத் திறப்பதற்கு முன், கீபோர்டில் 'நம் லாக்' (Num Lock) என்று எழுதிய விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடுதான் இருக்கிறது. பார்வைக்குத்தான் எதுவும் வரவில்லை. மானிட்டர் வேறு இணைப்பைத் தேடிக்கொண்டு 'நோ சிக்னல்' காட்டலாம். அதன் பொத்தானை அழுத்திச் சரியான இணைப்பைத் தேர்ந்தெடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் எச்டிஎம்ஐ வயரைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிடுவதும் உண்டு. கேபினெட்டின் பின்புறத்தில் செங்குத்தாக இருக்கும் மேல் பகுதி மதர்போர்டு, கிடைமட்டமாகக் கீழே இருப்பது கார்டு.

விளக்கு அசையவில்லை என்றால் ராமைப் பார்க்க வேண்டும். கறுத்த தொடுமுனைகள் காரணமாக நம் மலையில் எழாமல் போகும் கணினிகள் ஏராளம் என்பதால், இதை விளக்கமாகவே சொல்கிறேன். பவர் வயரைக் கழற்றுங்கள், பொத்தானை அரை நிமிடம் அழுத்துங்கள், கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டு உங்கள் உடலின் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். ராம் குச்சியின் இரு முனைகளிலும் வெள்ளை அல்லது கறுப்புப் பூட்டுகள் இருக்கும். சில மதர்போர்டுகளில் ஒரு முனையில் மட்டுமே இருக்கும். அவற்றை வெளிப்பக்கம் தள்ளினால் குச்சி தானாக மேலெழும். விளிம்பை மட்டும் பிடித்து எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் வரிசையாக இருக்கும் தங்கநிறப் பட்டைகள் பளிச்சென்று இருக்க வேண்டும். மங்கலாக, பழுப்புத் திட்டுகளோடு இருந்தால் ஈரம் தன் வேலையைச் செய்திருக்கிறது.

குச்சியை ஒரு தாளின் மேல் படுக்க வைத்து, வெள்ளை ரப்பரால் பட்டைகளின் நீளவாக்கில், அதாவது குச்சியின் உடலிலிருந்து விளிம்பை நோக்கி, ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். இருபுறமும் தேய்த்த பின் ரப்பர்த் தூளைப் பிரஷால் முழுவதும் தட்டிவிடுங்கள். ஒரு துணுக்கு சாக்கெட்டுக்குள் விழுந்தால் புதிய கோளாறு தொடங்கிவிடும். மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். வேண்டுமானால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம். சாக்கெட்டிலிருக்கும் தூசியையும் பிரஷால் எடுத்துவிட்டு, குச்சியின் அடியிலுள்ள பிளவு சாக்கெட்டிலுள்ள மேட்டோடு பொருந்தும்படி வைத்து, இரு முனைகளையும் கட்டைவிரல்களால் சமமாக அழுத்துங்கள். பூட்டுகள் 'டக்'கென்று தாமாகவே மூடிக்கொள்ளும் ஓசை கேட்க வேண்டும். புதியவர்கள் போதிய அளவு அழுத்த அஞ்சுகிறார்கள். பாதி பொருந்திய ராம்தான் அதனால் வரும் விளைவு.

இரண்டு குச்சிகள் இருந்தால், ஒன்றை மட்டும் போட்டு முயலுங்கள். ஓடவில்லை என்றால் மற்றொன்றை, பிறகு வேறு சாக்கெட்டில். அதன் பிறகு கணினியைப் போட்டுவிட்டு உடனே கைவிட்டுவிட வேண்டாம். டிடிஆர்5 வகை ராம் உள்ள புதிய கணினிகள், ராமை மாற்றிய பிறகு முதல்முறை தொடங்கும்போது திரையில் எதையும் காட்டாமல் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்வது இயல்பு. அதை அறியாமல் நடுவில் அணைத்து அணைத்துப் போடுகிறவர்கள் நல்ல கணினியைக் கெட்டதென்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பின் பின்னால் குலுங்கி வந்த கணினியானால், கிராபிக்ஸ் கார்டையும் இதே முறையில் கழற்றிப் பொருத்துங்கள். அதன் எடையே அதைச் சாக்கெட்டிலிருந்து சாய்த்துவிடும். மதர்போர்டின் 24 முனை இணைப்பையும், பிராசசருக்கு அருகிலுள்ள 4 அல்லது 8 முனை இணைப்பையும் ஒருமுறை அழுத்திவிடுங்கள். இந்த இரண்டாவது இணைப்பு கழன்றிருந்தால் ஃபேன்கள் ஓடும், வேறெதுவும் நடக்காது. பல புதிய மதர்போர்டுகளில் சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (தொடக்க டிஸ்க்) என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அந்தப் பாகத்தில்தான் சிக்கல். பீப் ஒலி வந்தால் அதன் எண்ணிக்கையையும் நீளத்தையும் குறித்து, உங்கள் மதர்போர்டின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு பயாஸுக்கும் அந்தக் கணக்கு வேறு.

திறந்திருக்கும்போதே எலிக்கும் ஒரு பார்வை வேண்டும். மழைக்காலத்தில் கதகதப்பைத் தேடி வீட்டுக்குள் வரும் எலிகள், பின்புறத்தில் மூடித் தகடு இல்லாத சந்து வழியாக நுழைந்து உள்ளே கூடு கட்டும். கடித்த வயரும், சிறுநீர் பட்டு வெள்ளையாகவோ பச்சையாகவோ அரித்த இடமும் தெரிந்தால் மின்சாரம் கொடுக்கவே கூடாது. அது பழுதுபார்ப்பவரின் வேலை.

எதுவுமே அசையாத கணினியில் பொத்தானைச் சோதிக்கவும் ஒரு வழி உண்டு. மதர்போர்டின் ஓரத்தில் கேபினெட்டின் முன்பக்க வயர்கள் செருகியிருக்கும் இடத்தில், 'பவர் சுவிட்ச்' என்ற இரண்டு முனைகள் எவை என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வயரைக் கழற்றிவிட்டு, இரண்டு முனைகளையும் திருப்புளி நுனியால் ஒரு கணம் தொட்டால், பொத்தான் செய்யும் வேலையை அது செய்துவிடும். கணினி எழுந்தால், துருப்பிடித்தது பொத்தான் மட்டுமே. ரீசெட் பொத்தானின் வயரை அந்த இடத்தில் செருகிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

காசு வடிவ பேட்டரி

மதர்போர்டில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. மின்சாரம் இல்லாத நேரத்தில் தேதியையும், பல மதர்போர்டுகளில் பயாஸ் அமைப்புகளையும் காப்பது அதுதான். அது தீர்ந்தால் கணினி தேதியை மறக்கும் என்று மட்டுமே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதைவிடப் பெரிய சிக்கல் உண்டு: அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும்போது டிஸ்க்கைக் கையாளும் முறையும் மாறிவிடலாம், யூஇஎஃப்ஐ என்னும் புதிய பயாஸ் முறையில் தொடங்க வேண்டிய கணினி பழைய முறையில் தொடங்கப் பார்க்கலாம். விளைவு, நேற்று வரை ஓடிய விண்டோஸ் நீலத் திரையில் 'இன்னாக்ஸசிபிள் பூட் டிவைஸ்' (தொடக்க டிஸ்க்கை அணுக முடியவில்லை) என்று நிற்கும். மழையில் மரம் விழுந்து இரண்டு மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் போன பிறகு இப்படி வந்தால், விண்டோஸை அழித்துப் போடுவதற்கு முன் இந்தப் பேட்டரியைப் பாருங்கள். மல்டிமீட்டரில் 2.8 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுவது நல்லது.

கணினி நன்றாக ஓடும்போதே டெலிட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி பயாஸுக்குள் போய், ஒவ்வொரு பக்கத்தையும் செல்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 உள்ள கணினிகளில், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க் குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருக்கலாம். பயாஸ் மாறியதும் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கோளாறு வருவதற்கு முன்பே அதைத் தாளில் எழுதி வைப்பது அவசியம்.

எழுத்துகள் வருகின்றன, விண்டோஸ் வரவில்லை

பென்டிரைவ், பிரிண்டர், கார்டு ரீடர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடியும் போடுங்கள். கணினி டிஸ்க்கை விட்டுவிட்டுப் பென்டிரைவில் விண்டோஸைத் தேடுவது ஜெராக்ஸ் கடைகளிலும் இ-சேவை மையங்களிலும் அன்றாடம் நடக்கிறது. அப்படியும் 'நோ பூட்டபிள் டிவைஸ்' (தொடங்கத் தகுந்த டிஸ்க் இல்லை) என்று வந்தால், பயாஸில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் டிஸ்க்கின் இரண்டு வயர்களையும் கழற்றிச் செருகுங்கள், அவற்றில் மதர்போர்டுக்குப் போகும் சாட்டா வயரை மாற்றிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று ஒரே சீராக ஒலி வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். உள்ளே முள் தட்டுகிறது, ஒவ்வொரு முயற்சியும் உங்கள் படங்களை இன்னும் கொஞ்சம் அழிக்கிறது.

டிஸ்க் தெரிந்தும் விண்டோஸ் எழவில்லை என்றால், தொடங்கும் நடுவில் இரண்டு மூன்று முறை அணைத்துப் போட, அதுவே பழுதுநீக்கும் திரைக்குப் போகும். அங்கே ஸ்டார்ட்அப் ரிப்பேர், பிறகு கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குதல், பிறகு சிஸ்டம் ரீஸ்டோர் என்ற வரிசையில் முயலுங்கள். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கும் தேர்வை, கோப்புகளை நகல் எடுக்காமல் தொடவே கூடாது. வேறொரு கணினியில் உபுண்டு போன்ற லினக்ஸை 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே இந்தக் கணினியைத் தொடங்கினால், டிஸ்க்கிலுள்ள கோப்புகளை வேறு டிரைவுக்கு எடுத்துவிடலாம். பூட்டப்பட்ட டிஸ்க் என்றால் அங்கும் அந்த 48 இலக்கச் சாவி வேண்டும்.

ஓடத் தொடங்கிய பிறகு

கேபினெட்டைச் சிமெண்ட் தரையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் தள்ளி, மரப்பலகையின் மேல் வையுங்கள். பின்புறச் சந்துகளைத் தகட்டால் அடையுங்கள். மழை மாதங்களில் வேலை இல்லாவிட்டாலும் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். அதன் சொந்த வெப்பமே அதை உலர்த்தும். ஏப்ரல், மே கோடைமழையின்போது இடி கேட்டால் பவர் வயரோடு இணைய வயரையும் கழற்ற வேண்டும். மின்னல் செம்புக் கம்பி வழியாக வந்து மதர்போர்டை எரிப்பதை, மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்க விற்கும் ஸ்பைக் பஸ்டர் ஜங்ஷன் பாக்ஸ் தடுக்காது.

எல்லாம் செய்தும் எழவில்லை என்றால் கீழே கொண்டு போகத்தான் வேண்டும். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள், ஹார்ட் டிஸ்க்கில் முக்கியமான கோப்புகள் இருந்தால் அதைக் கழற்றி வீட்டிலேயே வையுங்கள், யுபிஎஸ்ஸையும் பவர் வயரையும் உடன் கொண்டு போங்கள். கடையில் போட்டவுடன் ஓடிவிட்டால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். உங்கள் நோட்டுக் குறிப்பைக் கடைக்காரரிடம் காட்டி, மூன்று அளவுகளைக் கேட்டு வாங்குங்கள்: கணினி வேலைப்பளுவோடு ஓடும்போது எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட் 11.4-க்கும் 12.6-க்கும் இடையே, 5 வோல்ட் 4.75-க்கும் 5.25-க்கும் இடையே, 3.3 வோல்ட் 3.14-க்கும் 3.47-க்கும் இடையே இருக்க வேண்டும். கீழ்நாட்டு வெப்பத்திலேயே இவற்றில் ஒன்று எல்லையை ஒட்டி நின்றால், அந்த எஸ்எம்பிஎஸ்ஸை அங்கேயே மாற்றிக்கொண்டு மலையேறுங்கள்.